நான்கு நாள் மேசைக்கு வராத ஃபேக்ஸ்: சர்வர் இயங்குதளத்தை ஏன் புதுப்பிக்க வேண்டும்?

கடலூர் சிப்காட் பக்கம் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு நான் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து போன் வந்தது. ஜப்பானில் இருக்கும் வாடிக்கையாளர் ஆர்டரின் அளவை மாற்றி இரண்டு முறை ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டுக்கும் ‘ஓகே’ என்று அச்சான ரிப்போர்ட் அவர் கையில் இருக்கிறது. இங்கே ஒருவர் மேசைக்கும் எதுவும் வரவில்லை. “சார், லைன்ல டயல் டோன் நல்லாத்தான் வருது, அப்புறம் எங்க போச்சு?” என்று கேட்டார் ஏற்றுமதிப் பிரிவு மேலாளர். சரக்கு பழைய அளவிலேயே பேக் ஆகிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்து, ஃபேக்ஸ்களை வாங்கி ஆட்களுக்கு அனுப்பும் சர்வரைத் திறந்து பார்த்தேன். ஃபேக்ஸ் எதுவும் தொலையவில்லை. வியாழக்கிழமையிலிருந்து வந்த அத்தனையும் ஒரு ஃபோல்டரில் டிஃப் (TIFF) படக் கோப்புகளாக வரிசையாக இருந்தன. அங்கிருந்து மின்னஞ்சலாக மாறி ஆட்களுக்குப் போக வேண்டிய கடைசி அடிதான் நின்றுபோயிருந்தது. அந்தச் சர்வரில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 என்ற பழைய இயங்குதளம். அதன் மேல் ஓடிய ஃபேக்ஸ் மென்பொருள், மின்னஞ்சல் சேவையோடு டிஎல்எஸ் 1.0 என்ற பழைய மறையாக்க முறையில் பேசிக்கொண்டிருந்தது. மின்னஞ்சல் சேவை அந்த முறையை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு ஃபேக்ஸும் கதவைத் தட்டி, பதில் வராமல், அஞ்சல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு உறைத்த விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஃபேக்ஸில் ‘ஓகே’ என்பதற்கு உள்ள பொருள், ஒரு மனிதர் அதைப் படித்துவிட்டார் என்பதல்ல. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், பெறும் பக்கத்து இயந்திரம் ‘பக்கம் நல்லபடி கிடைத்தது’ என்று ஒரு குறிப்பை அனுப்பும். அனுப்பியவரின் ரிப்போர்ட்டில் அச்சாவது அதுதான். முன்பு பெறும் இயந்திரமே தாளைத் துப்பியதால், கிடைத்ததும் கைக்கு வந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நெட்வொர்க் ஃபேக்ஸில் நம் சர்வர் நம் சார்பில் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு மேசை வரை உள்ள தூரம் முழுக்க இயங்குதளத்தின் பொறுப்பு. கோப்பைச் சேமிப்பது, அச்சுக்கு விடுவது, மறையாக்கத்தோடு மின்னஞ்சலில் அனுப்புவது, நேரம் குறிப்பது எல்லாமே அதன் தோளில்தான். இயங்குதளம் பழசானால் வாக்கைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்ற முடியாமல் நிற்கும்.

‘நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் தொட வேண்டும்?’ என்று எல்லா அலுவலகத்திலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். குரூப் 3 ஃபேக்ஸ் தரம் 1980-இல் வந்தது. அன்றைய இயந்திரமும் இன்றைய சர்வரும் இன்னமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். அதனால்தான் ஃபேக்ஸ் சர்வருக்கு வயதே ஆகாது என்று தோன்றுகிறது. ஆனால் அதைச் சுற்றி இருப்பவை ஒவ்வொன்றாகத் தேதி குறித்து விடைபெறுகின்றன. விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு, அதாவது தயாரிப்பாளர் திருத்தங்கள் தரும் காலம், 2015 ஜூலை 14-இல் முடிந்தது. 2008-க்கும் 2008 ஆர்2-க்கும் 2020 ஜனவரி 14. 2012-க்கும் 2012 ஆர்2-க்கும் 2023 அக்டோபர் 10. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 என்று நாள் குறித்தாகிவிட்டது. லினக்ஸில் ஹைலாஃபேக்ஸ் என்ற ஃபேக்ஸ் மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்கும் விலக்கில்லை. பலர் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது.

புதுப்பிப்பதன் முதல் பலன், நான்கு நாள் ஃபேக்ஸ் தேங்கிய அதே இடத்தில் கிடைக்கிறது. விண்டோஸ் சர்வர் 2016, 2019 பதிப்புகளில் டிஎல்எஸ் 1.2 இயல்பாகவே இயங்கும். 2022 பதிப்பிலிருந்து 1.3-உம் சேர்ந்துகொண்டது. 2008 ஆர்2-இல் 1.2-ஐப் பயன்படுத்தவே தனி அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி திருத்தமும் தேவைப்பட்டன. ஒட்டுப்போட்டு ஓட்டலாம், நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன், ஏனென்றால் மதியத்துக்குள் அந்த ஆர்டர் திருத்தம் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த முறை எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத நிலைமையில் ஒரு நிறுவனத்தின் ஆர்டர்களை விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, லைன் பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பத்து முறை அனுப்பினால் ஏழு முறைதான் போகிறது’ என்ற தீராத புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஃபேக்ஸ் உரையாடல் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. அழைக்கும் இயந்திரம் 1100 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டுக் கூவும். எடுக்கும் இயந்திரம் 2100 ஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பிறகு இரண்டும் எந்த வேகம், எந்தத் தெளிவு என்று நொடிக்கு 300 பிட் வேகத்தில் பேரம் பேசும். பேரம் முடிந்ததும் அனுப்புகிறவர் 75 மில்லிசெகண்ட், கூடக்குறைய 20 மில்லிசெகண்ட், அமைதியாக இருந்துவிட்டு வேகமான மோடத்துக்குத் தாவி ஒரு பயிற்சிச் சோதனை அனுப்ப வேண்டும். விலை குறைந்த மோடங்கள் பல ‘கிளாஸ் 1’ வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இந்தத் தாளத்தைப் போடுவது மோடம் அல்ல, சர்வரில் ஓடும் மென்பொருள். அந்த நொடியில் இயங்குதளம் ஆன்டிவைரஸ் ஸ்கேனிலோ பழைய வட்டின் வேலையிலோ சிக்கியிருந்தால் தாளம் தப்பும். எதிர்முனை வேகத்தை 14,400-லிருந்து 9,600-க்கும் பிறகு 4,800-க்கும் இறக்கும், அல்லது லைனையே வெட்டிவிடும். அலுவலகத்தில் இருப்பவர்கள் தொலைபேசி லைனைத்தான் குறை சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பத்து வருடப் பழைய இயந்திரத்தில் இருந்த சர்வரைப் புதிய இயந்திரத்துக்கும் புதிய இயங்குதளத்துக்கும் மாற்றும்போது, பெரும்பாலான அலுவலகங்களில் இந்தத் தடுமாற்றம் குறையும். ஆனாலும் மோடம் கார்டை அப்படியே வைத்துக்கொண்டு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், கார்டை இயங்குதளத்தோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள். 2008 ஆர்2-இலிருந்து விண்டோஸ் சர்வர் 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் டிரைவரோடு நின்றுபோன கார்டுகள் அங்கேயே நின்றுவிட்டன. அண்மையில் இன்னொன்றும் நடந்தது. விண்டோஸோடு பல வருடமாகச் சேர்ந்தே வந்துகொண்டிருந்த அகெரே மோடம் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதும், அதை வைத்துத் தாக்குதல் நடப்பதும் தெரியவந்தது. 2025 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடங்கள் அதற்குப் பிறகு விண்டோஸில் வேலை செய்யாது. அப்டேட் போட்டால் ஃபேக்ஸ் நின்றுபோகும், போடாவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்ற இடத்தில் அந்த அலுவலகங்கள் நின்றன.

அந்த இக்கட்டிலிருந்து வெளியேற வழி டி.38. இணையத்தைப் போன்ற ஐபி வலையமைப்பில் ஃபேக்ஸைக் கொண்டுபோவதற்காக 1998-இல் வந்த தரம் இது. தாமிரக் கம்பி லைனை தொலைபேசி லைனை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு சிறிய எஃப்எக்ஸ்ஓ கேட்வே பெட்டியில் செருகிவிட வேண்டும். ஓசையாக வரும் ஃபேக்ஸை அந்தப் பெட்டி பொட்டலங்களாக மாற்றி, சாதாரண நெட்வொர்க் கேபிள் வழியாகச் சர்வருக்குக் கொடுக்கும். 75 மில்லிசெகண்ட் தாளமெல்லாம் பெட்டியின் வேலையாகிவிடும். சர்வரில் கார்டு எதுவும் தேவையில்லை. சிப் டிரங்க் (SIP trunk), அதாவது இணைய வழித் தொலைபேசி இணைப்பு, வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் பெட்டிகூட வேண்டாம், சேவை தருபவர் டி.38-ஐ ஆதரித்தால் போதும். புதிய ஃபேக்ஸ் மென்பொருள் பதிப்புகள் இதைத்தான் முதன்மை வழியாக வைத்திருக்கின்றன, அந்தப் பதிப்புகள் பழைய இயங்குதளத்தில் நிறுவவே முடியாதவை.

எதிர்முனையும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. பிரான்சோடு கடிதப் போக்குவரத்து உள்ள அலுவலகங்கள் புதுச்சேரியில் இன்னும் உண்டு. அங்கே ஆரஞ்சு நிறுவனம் தாமிரக் கம்பி வலையமைப்பை 2030-க்குள் மூடும் திட்டத்தைப் படிப்படியாக நடத்தி வருகிறது. பிரிட்டன் பழைய தொலைபேசி வலையமைப்பை நிறுத்த 2027 ஜனவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது. இரண்டு முனையிலும் ஐபி ஆனபின் நடுவில் ஒரு பழைய மோடம் கார்டை வைத்துக்கொண்டு ஓசையாகப் பேசுவது தோல்வியைத்தான் கூட்டும்.

கார்டு போனதும் கிடைக்கும் இன்னொரு விடுதலை, நம் கடற்கரைக்காரர்களுக்குத்தான் அதிகம் புரியும். உப்புக்காற்றில் கார்டின் பின்களும் ஆர்ஜே11 முனையும் பச்சை பூத்து நிற்பதைக் கடலூர் முதுநகர் பக்கத்து அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரைத்தளத்தில் வைத்திருந்த எத்தனையோ பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு குறிப்பிட்ட கார்டோடும், உரிமத்துக்காகச் செருகும் டாங்கிளோடும் கட்டப்பட்ட சர்வர் நனைந்தால், அதே மாதிரிக் கார்டு கிடைக்கும்வரை ஃபேக்ஸ் இல்லை. கார்டு இல்லாத ஃபேக்ஸ் சர்வரை, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வி மென்பொருளில் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டலாம். முழுச் சர்வரும் ஒரு சில கோப்புகள்தான். அதன் பிரதி ஒன்று வேறு ஊர்க் கிளையில் இருந்தால் அங்கே எழுப்பி, அதே நாளில் வேலையைத் தொடரலாம். எனக்கு இந்த ஒரு பலனே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

பாதுகாப்புப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஃபேக்ஸ் சர்வர் ஒரு காலைத் தொலைபேசி லைனிலும் இன்னொரு காலை அலுவலக நெட்வொர்க்கிலும் வைத்திருக்கிறது. ஃபயர்வால் தொலைபேசி லைனைப் பார்ப்பதில்லை. 2018 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை நேரடியாகக் காட்டினார்கள். எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு, ஹெச்பி ஆல்-இன்-ஒன் ஃபேக்ஸ் இயந்திரம் ஒன்றுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி அதைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்து விண்டோஸில் இருந்த எடர்னல்புளூ என்ற ஓட்டை வழியாகப் பக்கத்துக் கணினிக்குத் தாவினார்கள். அதே ஓட்டைதான் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரலைப் பரப்பியது, அது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்தது. பேட்ச் போட்டிருந்தாலோ எஸ்எம்பி 1 அணைந்திருந்தாலோ அந்தத் தாவல் நின்றிருக்கும். விண்டோஸ் சர்வர் 2019-இலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய ஸ்கேனர்கள் சில எஸ்எம்பி 1-இல் மட்டுமே கோப்பைப் போடத் தெரிந்தவை. அவற்றுக்காக அதைத் திரும்ப இயக்கிவிடாதீர்கள், ஸ்கேனரை மாற்றுங்கள்.

இனி, தமிழில் ஃபேக்ஸ் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். சாதாரணத் தெளிவில் ஃபேக்ஸ் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 3.85 வரிதான் வாசிக்கும். ஃபைன் முறையில் 7.7. பத்துப் பாயிண்ட் எழுத்தின் புள்ளி சாதாரணத் தெளிவில் ஒன்றிரண்டு வரிக்குள் அடங்கிவிடும், லைனில் கொஞ்சம் இரைச்சல் வந்தால் காணாமலே போகும். ‘க்’ ‘க’ ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தாலும் சொல்லை ஊகித்துவிடலாம், தமிழில் சொல்லே மாறிவிடும். ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் பெயரும் கிராமமும் பிசகினால் யாருக்கு அலைச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் இயங்குதளத்துக்கு இரண்டு பங்கு உண்டு. ஆவணத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றுவது சர்வர்தான், அதில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள்தான் போகும். விண்டோஸ் சர்வர் 2003-இல் தமிழ் சரியாக வர, சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2008 பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. புதுச் சர்வரில் முகப்புத்தாள் வார்ப்புருவை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்தைப் பன்னிரண்டு பாயிண்டாக்கி, ஃபைன் முறையை இயல்பாக வைத்துவிட்டால் புள்ளி தப்பிக்கும். பக்கத்துக்கு ஆகும் நேரம் கூடும். அது பரவாயில்லை.

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஃபேக்ஸை இன்னும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சான்றுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ‘இன்ன தேதி, இன்ன நேரம் அனுப்பினோம்’ என்று காட்ட வேண்டும் என்பதற்காக. 2024 ஜூலை 1-இலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். கணினி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியது என்று அதில் சொல்ல வேண்டும், கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஆதரவு முடிந்து, பேட்ச் இல்லாமல், கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடும் சர்வரைப் பற்றி அப்படிக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரத்தை நெட்வொர்க் வழியே நேரம் தரும் என்டிபி முறையில் சரிசெய்யவும், தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. புதிய இயங்குதளத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அமைத்துவிட்டால் போதும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன், இதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இயங்குதளத்தை மாற்றியதால் ஒரு பக்கம் போகும் வேகம் கூடிவிடாது. லைனில் 14,400 என்றால் 14,400 தான், எதிர்முனை பழைய இயந்திரமாக இருந்தால் அதுவும் இல்லை. கூடுவது மற்றவை. ஒரே நேரத்தில் கையாளும் அழைப்புகள், படமாக மாற்றும் வேகம், தேடி எடுக்கும் வேகம், நிற்காமல் ஓடும் நாட்கள்.

எந்தப் பதிப்புக்குப் போவது என்பதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இன்றைக்குக் கேட்டால், ஃபேக்ஸ் மென்பொருள் தயாரிப்பாளர் எழுத்தில் ஆதரவு தரும் பதிப்புகளில் புதியதை எடுங்கள் என்பேன். விண்டோஸ் சர்வர் 2025 எல்லாவற்றிலும் புதியது. ஆனால் அதில் மின்னஞ்சலை அனுப்பிக் கொடுக்கும் எஸ்எம்டிபி சர்வர் வசதி நீக்கப்பட்டுவிட்டது. பல அலுவலகங்களில் ஃபேக்ஸிலிருந்து மின்னஞ்சலுக்குப் போகும் பாலமே அந்த வசதிதான், யார் எப்போது வைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மாறினால், தப்பிக்க நினைத்த அதே குழியில் போய் விழுவோம். மின்னஞ்சலைக் கடத்திவிட வேறு ரிலே ஒன்று தயார் செய்தபிறகு 2025-க்குப் போகலாம். 2022-க்கு 2031 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதால், அதுவும் நல்ல தேர்வுதான்.

பழையதன் மேலேயே புதியதை ஏற்றும் இன்-பிளேஸ் முறையை ஃபேக்ஸ் சர்வருக்கு நான் செய்வதில்லை. 2012 ஆர்2-இலிருந்து 2025-க்கு நேராகவே ஏற்றலாம் என்று மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய டிரைவர் எச்சங்களும் பழைய சர்வீஸ் கணக்குகளும் கூடவே வந்துவிடும். சிப்காட் நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு மெய்நிகர் சர்வர் கட்டினோம். உரிமம் பழைய இயந்திரத்தின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருந்ததால், தயாரிப்பாளரிடமிருந்து புதிய உரிமச் சாவி வாங்கவே எட்டு நாள் ஆனது. அதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயனர் கணினிகளில் ஃபேக்ஸ் ஒரு பிரிண்டராகத் தெரிவதால், அந்த டிரைவரை நிறுவ அட்மின் அனுமதி தேவைப்பட்டது. 2021-இல் விண்டோஸ் அச்சுச் சேவையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்தபின் வந்த கட்டுப்பாடு அது. எனவே டிரைவரை, எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கும் குரூப் பாலிசி வழியாக முன்பே இறக்கிவிட்டோம்.

ஹண்டிங்கில், அதாவது ஒரு லைன் பிஸியானால் அழைப்பு அடுத்ததற்குத் தாவும் ஏற்பாட்டில், இருந்த நான்கு லைனில் ஒன்றை மட்டும் புதுச் சர்வருக்குத் திருப்பி மூன்று வாரம் ஓட்டினோம். தினமும் காலையில் மேலாளரே பழைய சர்வரின் ஃபோல்டரையும் புதியதன் அஞ்சல் பதிவையும் எண்ணிப் பார்த்துக் குறித்துவைப்பார். அதோடு ஒரு எச்சரிக்கையும் வைத்தோம்: வந்த ஃபேக்ஸ் எதுவும் பத்து நிமிடத்துக்குள் மின்னஞ்சலாகப் போய்ச் சேராவிட்டால், எனக்கும் அவருக்கும் குறுஞ்செய்தி வரும். நான்காவது வாரம் மீதி மூன்று லைனையும் மாற்றினோம். பழைய சர்வரை அணைத்து, கார்டோடு அலமாரியில் வைத்து, மேலே தேதி எழுதி ஒட்டினேன். குறுஞ்செய்தி இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் ஜப்பானிலிருந்து வந்த ஃபேக்ஸ்தான், இரண்டும் அன்றைக்கே மேலாளர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.